நூற்றுக்கு நாற்பது

என் வலது கையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைச் சர்க்கார் 2023 ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை முற்பகலில் தீர்மானித்தது. அதற்குப் பத்து மாதம் முன்னால் குளியலறை ஈரத்தில் கால் வழுக்கி, விழாமலிருக்க நீட்டிய கை ஜன்னல் கண்ணாடிக்குள் போய்விட்டது. மணிக்கட்டின் உட்புறத்தில், சுண்டுவிரல் பக்கமாக, ஒரு வெட்டு. மூன்று அங்குலம்கூட இருக்காது. மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் போகிற தசைநாண்களும் அல்நார் என்கிற நரம்பும் அறுந்துவிட்டன என்று சொல்லி அன்றிரவே தைத்தார்கள். விபத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். விபத்துகளில் அர்த்தம் தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளட்டும். எனக்கு எழுதவேண்டியிருப்பது அதற்குப் பின்னால் வந்த கணக்கைப் பற்றி.

முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை சுரீரென்று ஓடுகிறதே, அந்த நரம்புதான் அல்நார். விரல்களை விரிப்பது, சேர்ப்பது, கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வைத்து அழுத்துவது எல்லாம் அதன் பொறுப்பில் இருக்கின்றன. அறுந்து தைத்த நரம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து ஸ்கேல் வைத்து அளந்தேன். வெட்டிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை 18 சென்டிமீட்டர். பாங்க் குமாஸ்தாவின் புத்தி. 180 நாளைக் கூட்டிக் காலண்டரில் ஒரு தேதியை வட்டமிட்டு வைத்தேன். நரம்பு காலண்டர் பார்ப்பதில்லை என்பது பிப்ரவரி வாக்கில் தெரிந்தது.

இழந்தது என்ன என்று பட்டியல் போட்டால் அற்பமாகத் தோன்றும். ரசம் சாதத்தைப் பிசைந்து எடுத்தால் சுண்டுவிரல் பக்கமாக வழிந்துவிடும். மூடவேண்டிய கரை திறந்தே கிடந்தது. கல்யாணப் பந்தியில் ஸ்பூன் கேட்டால் பக்கத்து இலைக்காரர் திரும்பிப் பார்ப்பார். இடது கையால் சாப்பிட இந்த ஊரில் இன்னும் ஒரு துணிச்சல் வேண்டும், எனக்கு அது இல்லை. காபி டம்ளரின் அடியில் சுண்டுவிரலைக் கொடுத்துப் பிடிப்பது சின்ன வயதிலிருந்து பழக்கம். ஒருநாள் தோல் கொப்பளித்த பிறகுதான் சூடு தெரிந்தது, அதுவும் கண்ணுக்கு. சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிட்டாள். முப்பத்தைந்து வயதில் பொத்தான் போட்டுக்கொள்ள அம்மாவுக்கு முன்னால் நிற்பதில் இருக்கிற சங்கடத்தை இருவருமே வேறு எதையாவது பேசிக் கடந்தோம்.

கையெழுத்து விஷயம் தனி. எங்கள் கிளையில் காசோலைக் கையெழுத்தையும் மாதிரிக் கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிற வேலையை நான் வருஷக்கணக்கில் செய்திருக்கிறேன். ஒரு சுழி குறைந்தாலும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கை நடுங்கும் வயசாளிகள், பக்கவாதம் வந்து எழுந்தவர்கள், ‘நான்தானே சார் எதிர்ல நிக்கிறேன்’ என்று கேட்டவர்கள் எல்லாருக்கும் விதியைச் சொல்லியிருக்கிறேன். விபத்துக்குப் பிறகு என்னுடைய காசோலை ஒன்றைப் பக்கத்து சீட்டு நண்பர் கூச்சத்தோடு கொண்டுவந்து காட்டினார். கையெழுத்து வேறுபடுகிறது. புதிய மாதிரி ஒன்று கொடுத்தேன். நரம்பு வளர வளர அதுவும் அடுத்த மாதமே வேறாகிவிட்டது.

பிஸியோதெரபிக்கு ஒரு பெண்ணிடம் போனேன். பாத்திரம் நிறையப் புழுங்கலரிசியை வைத்து அதற்குள் கையை விட்டுத் துழாவச் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு பொத்தானா, ஒரு ரூபாய் நாணயமா என்று சொல்ல வேண்டும். களிமண் மாதிரி ஒரு பசை உருண்டையைக் கொடுத்துப் பிசையச் சொல்வார். இதற்கெல்லாம் நடுவில் ஒரு சாவி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையில் சாவியைப் பிடித்துப் பூட்டில் நுழைத்துத் திருப்ப வேண்டும். எட்டு மாதம் அது கீழே விழுந்துகொண்டிருந்தது. 2023 ஏப்ரலில் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு வாசல் பூட்டை வலது கையால் திறந்தேன். உள்ளே அம்மா இருந்ததால் வெளியிலிருந்து பூட்டைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் பூட்டச் சொல்லிவிட்டுத் திறந்தேன்.

பிஸியோதெரபி பெண்ணிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு ஒரு பழைய தினசரித் தாளை எடுத்து, சாவியைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லி இழுத்தார். தாள் நழுவவில்லை. ‘கட்டைவிரல் நுனியைப் பாருங்க’ என்றார். இடது கட்டைவிரல் நேராக இருந்தது. வலது கட்டைவிரலின் முதல் கணு கொக்கிபோல வளைந்திருந்தது. அழுத்தவேண்டிய தசைக்கு அல்நார் நரம்பிலிருந்து உத்தரவு போகவில்லை. அதனால் வேறொரு நரம்பின் கீழுள்ள வேறொரு தசை வந்து அந்த வேலையைச் செய்வதாகப் பாவனை செய்கிறது. ழூல் ஃப்ரோமான் என்கிற பிரெஞ்சு நரம்பியல் டாக்டர் முதல் உலக யுத்த காலத்தில், 1915-ல், இதைக் குறித்துவைத்தார். செய்தித்தாளை வைத்துச் சோதித்ததால் அதற்குப் ‘பத்திரிகை அடையாளம்’ என்று பெயர். இந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் என் கட்டைவிரல் என்னைக் கேட்காமல் பொய் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டது என்ற நினைப்பாகவே இருந்தது.

இனி பாங்க். என்னுடையது காஷ் கவுண்டர். நோட்டை எண்ண மெஷின் இருக்கிறது. அடுக்கிக் கட்டி ரப்பர் பாண்ட் போட மெஷின் கிடையாது. ரப்பர் பாண்டை நோட்டுக்கட்டின் மேல் ஏற்ற விரல்களை விரிக்க வேண்டும். விரிப்பது அல்நாரின் வேலை. மாலையில் கணக்கு முடிக்கும்போது கட்டுகளைப் பக்கத்து சீட்டுக்காரர் போட்டுத் தந்தார். இப்படி எத்தனை நாள்? வேறு சீட் கேட்டேன். மானேஜர் நல்ல மனிதர். ‘சர்டிபிகேட் இருக்கா? நாற்பது இருந்தா இப்பவே எழுதிடறேன்’ என்றார்.

நாற்பது எங்கிருந்து வந்தது என்று பார்க்கச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். ஆங்கிலத்தில் பி.ஏ. படித்ததால் எனக்குக் கிடைத்த உருப்படியான லாபம், சட்ட வாக்கியங்களைக் கவிதை வரிகளைப் போல நிறுத்தி நிறுத்தி வாசிக்கும் கெட்ட பழக்கம். 1995-ல் வந்த பழைய சட்டத்துக்குப் பதிலாக 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. பழையதில் 7 வகை. புதியதில் 21. (மாற்றுத்திறனாளி என்ற சொல்லைப் பற்றி: ‘ஊனம்’ வசைச் சொல்லாகிவிட்டிருந்தது, அதை விட்டது நியாயம்தான். ஆனால் என்னிடம் மாற்றாக எந்தத் திறனும் வந்து சேரவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.) இரண்டாம் பிரிவில் சொற்களுக்கு விளக்கம் தருகிறார்கள். அதில் எஸ் என்ற உட்பிரிவு சொல்வதன் சாரம்: நீண்டகாலக் குறைபாடு உள்ள ஒருவர், அந்தக் குறைபாடு வெளியிலுள்ள தடைகளோடு மோதும்போது, மற்றவர்களுக்குச் சமமாகச் சமூகத்தில் முழுமையாகப் பங்குகொள்ள முடியாமல் போனால், அவர் மாற்றுத்திறனாளி. இதைப் படித்தபோது எனக்கு ஒரு நல்ல விமர்சனக் கட்டுரையைப் படித்த சந்தோஷம் ஏற்பட்டது. குறை கையில் இல்லை என்கிறது இந்த வாக்கியம். கைக்கும் ரப்பர் பாண்டுக்கும் நடுவில் அது நிகழ்கிறது. ரப்பர் பாண்ட் போடத் தேவையில்லாத சீட்டில் உட்கார்த்திவிட்டால் பாதிக் குறை ஆவியாகிவிடும்.

ஆனால் ஆங்கில அகரவரிசையில் எஸ்ஸுக்கு முன்னால் ஆர் வருகிறது. ஆர் உட்பிரிவில் தடையும் இல்லை, சமூகமும் இல்லை. நாற்பது சதவிகிதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று ஓர் அளவுகோலை வைக்கிறது. வேலையில் 4 சதவிகித ஒதுக்கீடு போன்ற பெரும்பாலான விஷயங்கள் இந்த ஆரின் வாசலில்தான் நிற்கின்றன. முதலில் கணிதம், பிறகு தத்துவம்.

20-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு எனக்கு நேரடியாகப் பொருந்துவதாகத் தோன்றியது. வேலையில் இருக்கும்போது ஊனம் அடைந்தவரை அரசு நிறுவனம் வெளியேற்றவோ பதவி இறக்கவோ கூடாது. அந்த வேலைக்கு அவர் பொருந்தாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். இதற்கு முன்னோடி 1995 சட்டத்தின் 47-ஆம் பிரிவு. குணால் சிங் என்ற கான்ஸ்டபிள் பணியில் அடிபட்டு இடது காலை இழந்து, வேலையையும் இழந்து, வழக்காடி, 2003-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தது இந்தப் பிரிவை வைத்துத்தான். நான்காம் உட்பிரிவில் நாற்பது என்ற எண் எங்கும் இல்லை. மானேஜரிடம் காட்டினேன். நிதானமாக இரண்டு தடவை படித்தார். ‘சரிதான். ஆனா மேல என்ன பர்சன்டேஜ்னு கேப்பாங்களே’ என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் இதையே வேறு வார்த்தைகளில் சொல்லிவந்தவன். முதியோர் பென்ஷன் வாங்க வந்த ஒரு பாட்டியின் கட்டைவிரல் ரேகை மெஷினில் விழவில்லை. ஆயுள் முழுக்கப் பாத்திரம் தேய்த்ததில் ரேகையும் தேய்ந்திருந்தது. கையைக் கழுவிக்கொண்டு நாளைக்கு வரச் சொன்னேன். மறுநாளும் வந்தாள். அன்றும் விழவில்லை.

அடுத்து, நாற்பதை எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்தேன். 2001-லும் பிறகு 2018-லும் மத்திய சர்க்கார் கெஜட்டில் வெளியிட்ட வழிகாட்டி விதிகள் இருக்கின்றன. என்னைச் சோதித்த சமயத்தில் 2018-ன் விதிகள் அமலில் இருந்தன. கையைப் பற்றிய பகுதியை நான் எத்தனை தரம் படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. உள்ளங்கை, விரல்கள் சேர்ந்த பாகத்துக்கு மொத்தம் 90. பிடிப்புக்கு 30, உணர்ச்சிக்கு 30, பலத்துக்கு 30. பிடிப்பில், கட்டைவிரல் மற்ற நான்கு விரல் நுனிகளையும் தொடுவதற்கு விரலுக்கு 2 வீதம் 8. சாவியைப் பிடிக்க 5. பை தூக்க 5. உருளைப் பொருளுக்கு 6, பந்துக்கு 6. பெரிது ஒன்று, சிறிது ஒன்று. உணர்ச்சியில் கட்டைவிரலுக்கு 9, ஆள்காட்டி விரலுக்கு 6, மீதி மூன்றுக்கும் ஆளுக்கு 5. சுண்டுவிரலும் நடுவிரலும் சமம் என்பதில் ஒரு ஜனநாயகம் இருக்கிறது.

மேல்பகுதிக்கு, அதாவது தோளிலிருந்து மணிக்கட்டுவரை, இன்னொரு 90. அங்கே பத்துக் காரியங்களுக்குத் தலா 9. தலைக்கு மேலிருக்கும் பொருளை எடுத்துத் திரும்ப வைப்பது, மூக்கைத் தொடுவது, இந்திய முறையில் சாப்பிடுவது, தலை வாரிப் பின்னுவது, சட்டை போடுவது, கால் கழுவுவது, ஒரு கிளாஸ் தண்ணீர் குடிப்பது, பொத்தான் போடுவது, நாடா அல்லது வேட்டி கட்டுவது, எழுதுவது. இதை எழுதியவர் யாரோ, ஒரு மனுஷன் காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்கிறான் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அந்த யோசனையை நான் மதிக்கிறேன். எழுதுவதும் கால் கழுவுவதும் ஒரே மதிப்பெண் பெறுவதில் இலக்கியவாதிகளுக்கு ஆட்சேபணை இருக்கலாம், எனக்கு இல்லை.

இரண்டு பாகங்களிலும் இழப்பு இருந்தால் இரண்டையும் அப்படியே கூட்ட மாட்டார்கள். பெரிய எண்ணை வைத்துக்கொண்டு, அதை 90-லிருந்து கழித்து, வந்ததைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, பெரிய எண்ணோடு சேர்க்க வேண்டும். 30-ம் 20-ம் ஐம்பது ஆகாது, 43 சொச்சம்தான் ஆகும். எத்தனை நஷ்டம் வந்தாலும் தொகை 90-ஐத் தாண்டாமலிருக்க இந்த ஏற்பாடு. நியாயமான கணிதம். இரண்டாவதாக வருகிற துக்கத்துக்குக் கழிவு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த மாதிரிப் பட்டியல்களுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1923-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரல் போனால் 30 சதவிகிதம், ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, நடுவிரல் 12, மோதிரவிரலோ சுண்டுவிரலோ 7 என்று வரிசையாக இருக்கும். பெயர் மாறி, தொகை மாறி, 2020-ன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அது போய்ச் சேர்ந்தது. ஆலையில் முதலாளிக்கு உழைத்து இழந்த விரலுக்குத்தான் அந்த விலை. குளியலறையில் இழந்ததற்கு இல்லை.

ஐரோப்பாவில் இதே ஜாதிக் காகிதங்களோடு ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்த ஒருவரை நம் பத்திரிகைகள் விடாமல் மேற்கோள் காட்டிவந்திருக்கின்றன, காகிதங்களைப் பற்றி மட்டும் பேசாமல். காஃப்கா 1908-ல் ப்ராக் நகரில் தொழிலாளர் விபத்து இன்ஷூரன்ஸ் ஸ்தாபனத்தில் சேர்ந்தார். 1909-ஆம் வருஷத்து அறிக்கையில் மர இழைப்பு மெஷின்களைப் பற்றி அவர் எழுதிய பகுதி ஒன்று இருக்கிறது. சதுரத் தண்டு உள்ள மெஷின் எப்படி விரலைப் பிடிக்கிறது, உருளைத் தண்டு போட்டால் எப்படிக் காயம் குறையும் என்று, கணுக்கள் போன கைகளின் படங்களோடு விளக்குகிறார். அவருடைய கதைகளில் கனவின் மூட்டத்தைக் காண்கிறவர்கள் இந்தப் படங்களை ஒருதரம் பார்க்க வேண்டும். க்ரெகர் சாம்ஸா பூச்சியாகிக் கட்டிலில் கிடக்கும் காலையில் அவனை முதலில் பயமுறுத்துகிற எண்ணங்களில் ஒன்று, இன்ஷூரன்ஸ் டாக்டர் வந்துவிடுவாரே என்பது. அந்த டாக்டர் கண்ணில் உலகத்தில் நோயாளி என்று யாரும் இல்லை, வேலைக்குச் சோம்புகிறவர்கள்தான் உண்டு. இது கற்பனைக்காரனின் மிகை என்று கல்லூரியில் நினைத்தேன். ஆபீஸ்காரனுக்குத் தெரிந்த செய்தி அது. 1917-ல் அவருக்குக் க்ஷயம் என்று தெரிந்தது. 1922-ல் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். மற்றவர்கள் உடம்புகளை வகைப்படுத்தியவர் தன் உடம்புக்கு டாக்டர் சர்டிபிகேட் கொடுத்து வெளியே போனார்.

புதன்கிழமைக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஒரு வராந்தா. எதிரில் ஜெராக்ஸ் கடை. ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், போட்டோ நாலு, சிகிச்சைக் காகிதங்கள். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கரும்புச் சாறு வண்டி வைத்திருந்தவர். சக்கையைத் திரும்பத் தள்ளும்போது உருளை வலது கையை இழுத்துக்கொண்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. 1923 அட்டவணைப்படி இரண்டு விரலுக்கு 20. ஆனால் வண்டி அவருடையது. முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. யார் யாருக்கு நஷ்டஈடு கொடுப்பது? மூன்றாவது தடவையாக வந்திருந்தார். முன்பு கொடுத்த எண் முப்பதும் சொச்சமும். ‘நாப்பது இருந்தாத்தான் பாங்க்குல லோன் பாரமே வாங்குவாங்களாம் சார்’ என்றார். அந்த வாங்குகிறவர்களில் ஒருவன் நான் என்பதைச் சொல்லவில்லை.

‘உங்களுக்கு என்ன சார்?’

சொன்னேன். கையை வாங்கித் தன் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். வளைந்து நின்ற இரண்டு விரல்களையும் தொட்டு நீட்டிப் பார்த்தார்.

‘உள்ள போயி நல்லாப் பண்ணிக் காட்டிராதீங்க. போன தடவ தண்ணி டம்ளரத் தூக்கிக் குடிச்சுக் காட்டிட்டேன். முடியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு.’

‘இந்தத் தடவை என்ன செய்யப்போறீங்க அண்ணே?’

‘பாப்பம்’ என்றார்.

அவருக்குப் பிறகு நான். உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் நானும் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். விதிகளைப் படித்தவன். எந்தக் காரியத்துக்கு எத்தனை என்று மனப்பாடம். சாவியைக் கீழே போடுவது என்று தீர்மானித்தேன். இதில் எனக்கு மனசாட்சி உறுத்தல் இல்லை, ஏனென்றால் உண்மையில் என் கையால் சாவியைப் பிடிக்க முடியாது. பிடிப்பதுபோலத் தோன்றுவது கட்டைவிரலின் ஏமாற்று. அதைப் போடவிட்டால் உண்மைதான் வெளிவரும்.

கரும்புச் சாறுக்காரர் வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ‘தபால்ல வருமாம்’ என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

உள்ளே இருந்தவர் சாம்ஸா பயந்த டாக்டர் இல்லை. என்னைவிட இளையவர். மேஜையில் டீ ஆறிப்போயிருந்தது. யாரையும் சந்தேகிக்கிற முகமில்லை, காலையிலிருந்து நாற்பது ஐம்பது பேரைப் பார்த்துக் களைத்த முகம். விரல்களைத் தொடச் சொன்னார், ஊசியால் மெல்லக் குத்தினார், ஒரு கருவியை அமுக்கச் சொன்னார். பொத்தான் போட முடிகிறதா? இல்லை. சாப்பிடுகிறீர்களா? சாப்பிடுகிறேன். ரசத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு தாளைத் தள்ளிப் பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன். நிதானமாக, கோணல் இல்லாமல் வந்தது. ‘எழுதறீங்களே’ என்றார். அது என் கையெழுத்தே இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? என் பாங்க்கில் ஒரு மாதிரி அட்டையில் இருக்கிறது என் கையெழுத்து.

பிறகு சட்டைப் பையிலிருந்து தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். ‘இதைப் பிடிங்க.’

பிடித்தேன். மெதுவாக இழுத்துப் பார்த்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். கட்டைவிரல் நுனி நன்றாக வளைந்து, நகம் வெளுத்து, சாவியை விடாமல் நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘குட்’ என்றார்.

பத்து மாதத்தில் ஒரு டாக்டர் என் கையைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அதன் விலையை வீட்டுக்கு வந்து ஒரு செலான் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். கைக்கு 30, பொத்தானுக்காக மேல்பகுதியில் 9. சூத்திரப்படி 36. சாவி விழுந்திருந்தால் கைக்கு 35. ஒன்பதோடு சேர்ந்து நாற்பதரை. தபாலில் வந்த சான்றிதழிலும் 36 என்றே இருந்தது. தற்காலிகம், மூன்று வருஷம் கழித்து மறு சோதனை.

அம்மாவிடம் சொன்னேன். ‘சாவியைக் கீழே போட்டிருக்க வேண்டியதுதானேடா’ என்றாள். பொய் சொன்னால் அடித்து வளர்த்தவள்.

ஏன் போடவில்லை என்று இந்த மூன்று வருஷத்தில் பல விளக்கங்களை எனக்கு நானே கொடுத்துப் பார்த்துவிட்டேன். நேர்மை என்று நண்பர் ஒருவர் சொன்னார். நேர்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நேர்மையானவன் ‘டாக்டர், சாவியை விடுங்கள், கட்டைவிரலைப் பாருங்கள்’ என்று சொல்லியிருப்பான். செய்தித்தாள் ஒன்று அந்த மேஜையிலேயே மடித்துக் கிடந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் அரை நிமிஷத்தில் விஷயம் விளங்கியிருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. இயலாமையை நடிக்கத் தீர்மானித்துப் போனவன் இயலுமையை நடித்துவிட்டு வந்தேன். கர்வம் என்று சொல்லலாம், அதுவும் முழுசாகப் பொருந்தவில்லை. எட்டு மாதம் ஒரு சாவிக்காகப் பயிற்சி செய்த கைக்கு, அதே சாவியை வைத்துக் கேட்கப்படுகிற இன்னொரு கேள்வி புரியவில்லை என்றுதான் தோன்றுகிறது. பிஸியோதெரபி அறையில் பிடித்தால் பாஸ். இங்கே பிடித்தால் ஃபெயில். இரண்டு பரீட்சைக்கும் ஒரே சாவி.

சட்டத்தின் 59-ஆம் பிரிவில் அப்பீலுக்கு வழி இருக்கிறது. மனுவை எழுதினேன். எழுதி முடித்துப் படித்தபோது, எனக்கு என்னென்ன முடியாது என்பதை இவ்வளவு கோர்வையாக எழுத முடிகிறவனுக்கு என்ன குறை என்று யாரும் கேட்பார்கள் எனத் தோன்றியது. அனுப்பவில்லை. சோம்பலும் உண்டு.

பாங்க்கில் மானேஜர் வருத்தப்பட்டார். நாலு குறைகிறதே என்றார், மார்க் ஷீட்டைப் பார்த்த தகப்பன் மாதிரி. காஷ் கவுண்டரிலேயே இருந்தேன். பக்கத்து சீட்டு நண்பர் ரப்பர் பாண்ட் போட்டுத் தந்தார். ஒன்றரை வருஷம் ஒரு வார்த்தை முகம் சுளிக்காமல் செய்தார், அவருக்கு மாற்றல் வருகிறவரை. அடுத்து வந்த பையனும் நல்ல பையன்தான். ஆனால் ஒவ்வொரு சாயங்காலமும் ஐந்து மணிக்கு அவன் பக்கம் பார்த்து ‘தம்பி’ என்று நான் கூப்பிடும் குரலில் ஒரு மெழுகு வந்து சேர்ந்திருக்கிறது. அது எனக்குக் கேட்கிறது. உரிமையாகக் கிடைத்திருந்தால் இந்தக் குரல் தேவைப்பட்டிருக்காது. மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகச் சொன்ன மானேஜரும் மாறிப் போய்விட்டார். புதியவருக்கு 20-ஆம் பிரிவை மறுபடி முதலிலிருந்து காட்ட வேண்டும்.

கரும்புச் சாறுக்காரரைப் பிறகு ஒரே ஒரு தடவை பஸ் ஸ்டாண்டு எதிரில் பார்த்தேன். வண்டியில் சாறு இல்லை, இளநீர் வைத்திருந்தார். இடது கையால் சீவிக்கொண்டிருந்தார். நாற்பது வந்ததா என்று கேட்க நினைத்தேன். பஸ் நின்றிருந்தது, ஏறிவிட்டேன்.

மூன்று வருஷத் தவணை முடிந்து மறு சோதனைக்குக் கடிதம் வந்திருக்கிறது. கை நிலையில் பெரிய மாற்றமில்லை, சாவி மட்டும் முன்னைவிட உறுதியாக நிற்கிறது. பசை உருண்டை அலமாரியில், எலியட் தொகுப்புக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் இருக்கிறது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் பிசைவது வழக்கம். கடிதம் வந்தது திங்கட்கிழமை. அன்றையிலிருந்து எடுக்கவில்லை. அம்மா கவனித்திருக்கிறாள், ஒன்றும் சொல்லவில்லை. நேற்று டப்பாவைத் திறந்து பார்த்தேன். பசை ஓரத்தில் கொஞ்சம் காய்ந்திருந்தது. மூடிவைத்துவிட்டேன்.